ஓட்டினால் வரிவிலக்கு, ஓட்டாவிட்டால் பாரம்பரியச் சான்று: பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்பவரின் இக்கட்டு

புது தில்லி: ஹைதராபாத் சார்மினாருக்கு அருகே உள்ள சௌமஹல்லா அரண்மனைக்குச் செல்வோர், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிற்கும் மஞ்சள் நிற ரோல்ஸ்-ராய்ஸ் காரைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஆறாவது நிஜாம் மீர் மகபூப் அலி கான் 1911-ம் ஆண்டு இங்கிலாந்தில் செய்யச் சொன்ன 'சில்வர் கோஸ்ட்' கார் அது. பின்னிருக்கை அரியணை போல உயர்த்தி அமைக்கப்பட்டது. கார் வந்து சேருவதற்கு முன்பே அவர் காலமானார். அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்த உஸ்மான் அலி கான் ஆட்சிக் காலத்தில், 1947 வரை அந்தக் கார் ஓடிய தூரம் 356 மைல் மட்டுமே என்று கூறப்படுகிறது.

ஓடாததால் பிழைத்த கார் அது. ஆனால், ஹைதராபாதில் ஓடித் தேய்ந்த ஐரோப்பியக் கார்களும் உண்டு. இரண்டு கதவுகள், பின்நோக்கிச் சரியும் கூரை, தாழ்ந்த உடல், வேகத்துக்கென அமைந்த எஞ்ஜின் ஆகியவற்றைக் கொண்ட 'கூபே' ரக ஸ்போர்ட்ஸ் கார்கள் அவற்றில் தனி ரகம். தந்தை வாங்கி, மகன் ஓட்டி, பேரனுக்கு இடமில்லாமல் போன இத்தகைய கார் ஒன்றை விற்க நினைப்பவர், விலையைப் பேசுவதற்கு முன் மத்திய அரசின் மூன்று சட்டங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சட்டங்கள் ஒரே காரைப் பற்றி ஒரே கேள்வியைக் கேட்டு, வெவ்வேறு பதில்களை எதிர்பார்க்கின்றன என்பதுதான் சிக்கல். 'இந்தக் காரை நீங்கள் ஓட்டினீர்களா?' என்பதே அந்தக் கேள்வி.

சமஸ்தானம் முதல் தூதரகம் வரை: மோட்டார் வாகனங்கள் மீதான மோகம் ஹைதராபாதுக்குப் புதியதல்ல. 1967-ல் ஏழாவது நிஜாம் உஸ்மான் அலி கான் மறைந்து, அவரது பேரன் முகரம் ஜா பொறுப்பேற்றபோது அரண்மனைக் கொட்டகைகளில் 60 கார்கள் இருந்தன என்றும், அவற்றில் ஓடும் நிலையில் இருந்தவை நான்கு மட்டுமே என்றும் வரலாற்றாசிரியர் வில்லியம் டால்ரிம்பிள் எழுதியுள்ளார். ஓடாத கார்களுக்கும் பெட்ரோல் செலவும் உதிரிபாகச் செலவும் கணக்கில் எழுதப்பட்டு வந்தன.

சமஸ்தானங்கள் மறைந்த பிறகு வெளிநாட்டுக் கார் கிடைப்பது அரிதாயிற்று. அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அம்பாசிடர், பிரீமியர், ஸ்டாண்டர்ட் ஆகிய மூன்று பெயர்களுக்குள் நாட்டின் கார் சந்தை அடங்கிய காலம் அது. தூதரக அதிகாரிகள் பணி முடிந்து திரும்பும்போது விட்டுச் சென்ற வெளிநாட்டுக் கார்கள் மத்திய அரசின் அரசு வர்த்தகக் கழகம் வழியாக விற்கப்பட்டன. வெளிநாட்டில் வசித்துவிட்டுக் குடிபெயர்ந்து வந்தவர்கள் சிலர் தங்கள் கார்களையும் உடன் கொண்டுவந்தனர். இன்று விற்பனைக்கு வரும் பழைய ஐரோப்பியக் கார்களில் கணிசமானவை இந்த வழிகளில் வந்தவையே.

எனவே, இந்தக் கார்களுடன் வரும் ஆவணங்களும் வழக்கமான கார்களின் ஆவணங்களைப் போல இருப்பதில்லை. சுங்கத் தீர்வை செலுத்திய சான்று, ஏலச் சீட்டு, கையால் எழுதப்பட்ட பதிவுப் புத்தகம் என்று அவை பலவகை. அவற்றில் ஒன்று தொலைந்தாலும் காரின் மதிப்பு சரிகிறது. 2025 செப்டம்பரில், பூடான் வழியாக முறைகேடாகக் கொண்டுவரப்பட்டதாகக் கருதப்படும் கார்களைத் தேடி, 'நும்கோர்' என்ற பெயரில் சுங்கத் துறை கேரளத்தில் நடத்திய சோதனைகளுக்குப் பிறகு, காகிதமில்லாத வெளிநாட்டுக் காரை வாங்க எச்சரிக்கையுள்ள எவரும் தயங்குவர்.

2021-ம் ஆண்டின் விதிகள்: பழம்பெரும் வாகனங்களுக்கென நாடு முழுவதற்குமான பதிவு முறை நெடுங்காலம் இல்லை. நிதின் கட்கரி பொறுப்பில் உள்ள மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி இக்குறையைப் போக்கியது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, சொந்தப் பயன்பாட்டுக்கான இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் 'விண்டேஜ்' எனப்படும் பழம்பெரும் வாகனங்களாக வரையறுக்கப்பட்டன.

புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ.20 ஆயிரம். மறுபதிவுக்கு ரூ.5 ஆயிரம். விண்ணப்பம் கிடைத்த 60 நாள்களுக்குள் பதிவுச் சான்று அளிக்கப்பட வேண்டும். அது பத்தாண்டுகளுக்குச் செல்லும். புதிதாகப் பதிவு செய்யப்படும் கார்களின் எண்ணில் மாநிலக் குறியீட்டை அடுத்து 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இடம்பெறும். ஏற்கெனவே பதிவான கார்கள் தங்கள் பழைய எண்ணையே வைத்துக் கொள்ளலாம்.

இந்தக் கடைசிச் சலுகை ஹைதராபாத் உரிமையாளர்களுக்கு முக்கியமானது. ஆந்திரப் பிரதேசத்தின் பழைய மூன்றெழுத்துத் தொடர், 1989-க்குப் பிந்தைய 'ஏ.பி.', 2014-ல் மாநிலம் பிரிந்த பின் 'டி.எஸ்.', 2024 மார்ச் முதல் 'டி.ஜி.' என்று இந்நகரின் வாகன எண்களே ஓர் அரசியல் வரலாற்றைச் சொல்கின்றன. முதல் எண் பலகையுடனேயே விற்கப்படும் காருக்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு உண்டு.

விற்பனைக்கும் விதிகள் இடமளிக்கின்றன. பழம்பெரும் வாகனமாகப் பதிவான காரை விற்பவரும் வாங்குபவரும், விற்பனை நடந்த 90 நாள்களுக்குள் தத்தம் மாநிலப் போக்குவரத்து அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆனால், இந்தத் தகுதிக்கு ஒரு விலை உண்டு. இவ்வாறு பதிவான வாகனத்தை வழக்கமான பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார்களின் பேரணி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே அதைச் சாலைக்குக் கொண்டுவரலாம். காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு அலுவலகம் செல்வது இந்தப் பட்டியலில் இல்லை.

மாற்றிய எஞ்ஜின், மறுக்கப்படும் தகுதி: இரண்டாவது நிபந்தனை இன்னும் கடினமானது. கார் அதன் அசல் வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். அடிச்சட்டம், மேற்கூடு, எஞ்ஜின் ஆகியவற்றைத் திருத்தும் பெரிய மாற்றங்களுக்கு உட்பட்டிருக்கக் கூடாது.

இந்தியாவில் நன்றாக ஓடிய வெளிநாட்டுக் கார்களில் எத்தனை இந்த நிபந்தனையைக் கடக்கும் என்பது ஐயத்துக்குரியது. இறக்குமதி உரிமம் இல்லாமல் ஒரு 'கேஸ்கெட்' கூட வராத காலத்தில், இந்தக் கார்களை ஓடவைத்தவர்கள் உள்ளூர் மெக்கானிக்குகளும் லேத் பட்டறைக்காரர்களுமே. கிடைக்காத பாகத்தைக் கடைந்து செய்தார்கள். சென்னை புதுப்பேட்டையிலும் தில்லி மாயாபுரியிலும் தேடிப்பிடித்து, வேறு காரின் கார்புரேட்டரைப் பொருத்தினார்கள். 1970-களில் பெட்ரோல் விலை ஏறியபோது, பெரிய வெளிநாட்டுக் கார்கள் பலவற்றில் அசல் எஞ்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்ஜினை ஏற்றினார்கள். அந்த மாற்றங்கள் இல்லாவிட்டால் அவற்றில் பல அன்றே எடைக்குப் போயிருக்கும்.

இன்று அதே மாற்றங்கள் இரு வகையில் விற்பவரைப் பாதிக்கின்றன. முதலாவதாக, பழம்பெரும் வாகனம் என்ற தகுதி கேள்விக்குறியாகிறது. இரண்டாவதாக, 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, பதிவு அதிகாரியின் ஒப்புதலின்றிச் செய்த மாற்றம் சட்டவிரோதமாகிறது. தயாரிப்பாளர் அளித்த அடிப்படை விவரங்களிலிருந்து வாகனம் மாறுபடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது குறிப்பிடத்தக்கது. எஞ்ஜினில் பொறித்த எண்ணும் பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால், விற்பனை அங்கேயே நின்றுவிடும்.

ஐம்பதை எட்டாத கார்கள்: 50 ஆண்டுகள் நிறையாத கார்களின் நிலை வேறு. ஜாகுவார் நிறுவனம் 1961-ல் அறிமுகப்படுத்திய 'இ-டைப்', 1964-ல் உற்பத்தி தொடங்கிய போர்ஷே '911' ஆகியவற்றின் தொடக்கக் கால கார்கள் வயது வரம்பைத் தாண்டிவிட்டன. ஆனால், மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் 1977 முதல் 1985 வரை தயாரித்த 'டபிள்யூ 123' வரிசையின் கூபே கார்களில் மிகப் பழையதே 2027-ல்தான் அரைநூற்றாண்டை எட்டும். கடைசியாக வந்தவை 2035 வரை காத்திருக்க வேண்டும்.

அதுவரை அவை வெறும் 'பழைய வாகனங்கள்' மட்டுமே. 15 ஆண்டுகளுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இக்கட்டணம் சாதாரணக் கார்களுக்கு ரூ.600-லிருந்து ரூ.5 ஆயிரமாகவும், இறக்குமதிக் கார்களுக்கு ரூ.40 ஆயிரமாகவும் உயர்த்தப்பட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான அறிவிக்கை, 20 ஆண்டுகளைக் கடந்த இறக்குமதிக் கார்களுக்கு இதை ரூ.80 ஆயிரமாக்கியது. உள்நாட்டுக் கார்களுக்கு அது ரூ.10 ஆயிரம்.

சந்தையும் சுருங்குகிறது. தில்லி உள்ளிட்ட தேசியத் தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்களும் 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வாகனங்களும் ஓடத் தடை விதித்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்தது. 2025-ல் இந்த விவகாரம் மீண்டும் நீதிமன்றத்தின் பரிசீலனைக்கு வந்தது. பழைய கார்களை ரசித்து வாங்குவோர் நிறைந்த நகரம் தில்லி. 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் 1964-ல் பழைய கார்ப் பேரணியைத் தொடங்கியதும் இங்குதான். ஆயினும், 40 வயதுக் காரை ஹைதராபாதிலிருந்து தில்லிக்கு வாங்கிச் செல்ல நினைப்பவர் இருமுறை யோசிக்க வேண்டிய நிலையே உள்ளது.

வெளிநாட்டுச் சந்தையின் கதவும் எளிதில் திறக்காது. 1950 ஜனவரி 1-க்கு முன் தயாரான கார்களும் அவற்றின் பாகங்களும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளன. அதற்குக் காரணமும் உண்டு. ராஜ்கோட் மன்னருக்காக 1934-ல் செய்யப்பட்ட 'ஸ்டார் ஆஃப் இந்தியா' ரோல்ஸ்-ராய்ஸ் 1960-களில் நாட்டை விட்டு வெளியேறியது. பல கைகள் மாறிய அந்தக் காரை, அக்குடும்பத்தின் வாரிசு பெரும் விலை கொடுத்துத் திரும்ப வாங்க நேர்ந்தது.

வருமான வரியின் கேள்வி: இத்தனையையும் கடந்து கார் நல்ல விலைக்குப் போனால் அடுத்து வருவது வருமான வரி. இங்குதான் 'ஓட்டினீர்களா?' என்ற கேள்வி தலைகீழாகிறது.

சொந்தப் பயன்பாட்டுக்கான அசையும் பொருள்கள் மூலதனச் சொத்து ஆகாது. அவற்றை விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. 1961-ம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் வகுத்த விதி இது. நகை, ஓவியம், சிற்பம், தொல்பொருள் சேகரிப்பு, கலைப்பொருள் ஆகியவை இந்த விலக்கில் சேராது. அந்தப் பட்டியலில் கார் இல்லை. ஆகவே, எந்தக் காரை விற்றாலும் வரி இல்லை என்பதே பலரின் எண்ணமாக இருந்தது.

மும்பை உயர் நீதிமன்றம் 2025-ல் அளித்த தீர்ப்பு அந்த எண்ணத்தைத் திருத்தியது. 1931-ம் ஆண்டின் ஃபோர்டு கார் ஒன்றை ஒருவர் 1983-ல் ரூ.20 ஆயிரத்துக்கு வாங்கி, பின்னர் ரூ.21 லட்சத்துக்கு விற்றார். 1992-93 மதிப்பீட்டு ஆண்டைச் சேர்ந்த அந்த விற்பனையில் கிடைத்த ரூ.20.80 லட்சம் லாபத்துக்கு வரி விதித்தது வருமான வரித் துறை. 30 ஆண்டுகளுக்கும் மேல் நீண்ட அந்த வழக்கின் முடிவில், கார் என்பது சொந்தப் பயன்பாட்டுக்கு உகந்தது என்பதாலேயே அது சொந்தப் பயன்பாட்டுப் பொருளாகிவிடாது. உண்மையில் பயன்படுத்தினார் என்பதற்குச் சான்று வேண்டும் என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அத்தகைய சான்று இல்லாததால் தீர்ப்பு வரித் துறைக்குச் சாதகமாக அமைந்தது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விற்பவரின் இக்கட்டு புரியும். அன்றாடம் ஓட்டாமல் இருந்தால்தான் பழம்பெரும் வாகனம் என்கிறது போக்குவரத்து விதி. ஓட்டியதற்குச் சான்று காட்டினால்தான் வரிவிலக்கு என்கிறது வருமான வரிச் சட்டம். இரண்டும் நேரடியாக மோதவில்லை என்று வாதிட இடமுண்டு. பேரணிக்குக் குடும்பத்துடன் சென்று வருவதும் சொந்தப் பயன்பாடே எனலாம். ஆனால், அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு உரிமையாளருடையது. பெட்ரோல் ரசீதும் மெக்கானிக்கின் சீட்டும் இன்று அவருக்குச் சாட்சிகள்.

காரை வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்டு, சரக்கு மற்றும் சேவை வரிக்குப் பதிவு செய்தவர்களின் நிலை வேறு. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், பழைய வாகன விற்பனையில் கிடைக்கும் லாபத்தின் மீதான வரியை 18 சதவீதமாக்கியது. சொந்தக் காரை விற்கும் தனிநபருக்கு இது பொருந்தாது.

கை மாறினாலும் பெயர் மாறாவிட்டால்: விற்பவர் அதிகம் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. பணத்தை வாங்கிக்கொண்டு, கையெழுத்திட்ட படிவங்களுடன் சாவியைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் கருதுகின்றனர். பதிவேட்டில் பெயர் மாறாத வரை, விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு பழைய உரிமையாளருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்துள்ளது. சாதாரணப் பதிவில் உள்ள காரை அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாள்களுக்குள்ளும், வேறு மாநிலத்தவருக்கு விற்றால் 45 நாள்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலத்துக்குச் செல்லும் காருக்குத் தடையில்லாச் சான்றும் தேவை.

காப்பீட்டில் ஒரு நற்செய்தி உண்டு. பழம்பெரும் காராகப் பதிவானவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி 2022-ம் ஆண்டின் விதிகளில் அளிக்கப்பட்டது. காரின் மதிப்பை உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். விற்பதற்கு முன் அவ்வாறு மதிப்பை எழுத்தில் பெற்று வைத்திருப்பது, பேரத்திலும் உதவும்.

பிற நாடுகளில்: ஜெர்மனியில் 30 ஆண்டுகளைக் கடந்து நல்ல நிலையில் உள்ள கார்களுக்கு 1997 முதல் 'ஹெச்' என்ற எழுத்துடன் எண் பலகை வழங்கப்படுகிறது. ஆண்டுக்கு ஒரே அளவான வரி. அன்றாடம் ஓட்டவும் தடையில்லை. பிரிட்டனில் 40 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்குச் சாலை வரி விலக்கு உண்டு. பெரிய மாற்றம் செய்யப்படாதவற்றுக்கு ஆண்டுச் சோதனையிலிருந்தும் விலக்கு உண்டு. அதேவேளையில், உலகப் பழம்பெரும் வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான 'ஃபிவா', 30 ஆண்டு வயதையும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாமையையும் தனது வரையறையில் சேர்த்துள்ளது. இந்திய விதி கூட்டமைப்பின் வழியில் செல்கிறது. ஆனால் வயதை 50 ஆக்கியதால், 30-க்கும் 50-க்கும் இடைப்பட்ட கார்கள் எந்தப் பாதுகாப்பும் இன்றி நிற்கின்றன.

ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கூபேயின் உச்ச விலை எது என்பதை உலகம் 2022 மே மாதம் கண்டது. இரண்டே இரண்டு செய்யப்பட்ட 1955-ம் ஆண்டின் மெர்சிடிஸ் '300 எஸ்.எல்.ஆர்.' கூபே ஒன்று, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் நடந்த ஏலத்தில் 13.5 கோடி யூரோவுக்கு விற்கப்பட்டது. ஹைதராபாதில் துணி போர்த்தி நிற்கும் காருக்கு அந்தக் கனவு இல்லை. அதன் உரிமையாளர் கேட்பது நியாயமான விலையும், பின்னாளில் நோட்டீஸ் வராத விற்பனையும் மட்டுமே.

அதற்கு அரசு செய்ய வேண்டியது பெரிதல்ல. 30 வயதைக் கடந்து நன்கு பராமரிக்கப்படும் கார்களுக்கு இடைநிலைப் பிரிவு ஒன்றை அமைக்கலாம். உதிரிபாகம் கிடைக்காத காலத்தில் செய்யப்பட்டு, பதிவுப் புத்தகத்தில் முறையாக ஏறிய எஞ்ஜின் மாற்றங்களை ஏற்கலாம். பழம்பெரும் வாகனப் பதிவு பெற்ற காரின் அனுமதிக்கப்பட்ட ஓட்டம் சொந்தப் பயன்பாடாகக் கருதப்படுமா என்பதைப் போக்குவரத்து அமைச்சகமும் நிதி அமைச்சகமும் கூடிப் பேசித் தெளிவுபடுத்தலாம்.

சௌமஹல்லா அரண்மனையின் ரோல்ஸ்-ராய்ஸைக் காப்பாற்ற அருங்காட்சியகம் இருக்கிறது. நாற்பது ஆண்டுகள் குடும்பத்தைச் சுமந்த காரைக் காப்பாற்ற, அதை விரும்பி வாங்கும் அடுத்தவர் ஒருவர்தான் வேண்டும். அவரிடம் அது நேர்வழியில் போய்ச்சேர வழி இல்லாவிட்டால், கடைசியில் அதை வாங்குபவர் பழைய இரும்புக் கடைக்காரராகவே இருப்பார்.